நிழலும் முகமும்: மாணவர் படங்களில் வெளிச்சமும் கருமையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கேமராவால் எடுக்கப்படும் படத்திற்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பது மக்கள் வழக்கு. நிழற்படம் என்பது ஏட்டு வழக்கு. ஒளிப்படம் என்பது கலைச்சொல் ஆக்குவோர் விரும்பும் வழக்கு. மேலைமொழிகளின் சொல்லோ கிரேக்க வேர்களிலிருந்து பிறந்தது. ஒளியால் எழுதுதல் என்பது அதன் பொருள். 1839ஆம் ஆண்டில் ஜான் ஹெர்ஷல் அச்சொல்லை இங்கிலாந்தின் அறிஞர் அவையில் வழங்கி நிலைபெறச் செய்தார். அதே ஆண்டில், காகிதத்தில் படம் பதிக்கும் முறையைக் கண்டறிந்த ஃபாக்ஸ் டால்பட் தம் கட்டுரையின் ஒரு பகுதிக்கு இட்ட தலைப்பு, நிழலை நிலைநிறுத்தும் கலை என்பதாகும். ஒரே கலையை ஒருவர் ஒளியின் பக்கம் நின்று அழைத்தார். மற்றவர் நிழலின் பக்கம் நின்று அழைத்தார். தமிழ் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. போதாதென்று புகையையும் சேர்த்துக்கொண்டது.

இவற்றுள் நிழற்படம் என்ற சொல் கவிஞர்களின் கவனத்திற்கு உரியது. நிழல் என்பதற்கு ஒளி மறைந்த இடம் என்பது மட்டுமே பொருளன்று. நீரிலும் கண்ணாடியிலும் தோன்றும் உருவத்தையும் பழந்தமிழ் நிழல் என்றே சொன்னது. அருளும் நிழல், புகலிடமும் நிழல், குளிர்ச்சியும் நிழல். வியப்பு என்னவென்றால், ஒளி என்ற பொருளையும் பேரகராதி இச்சொல்லுக்குத் தருகிறது. வெயில் காயும் நாட்டில் பிறந்த மொழி நிழலைக் குறையாகக் கருதவில்லை. அம்மொழியைப் பேசும் மாணவர் கையில் கேமராவை எடுக்கும்போது மட்டும் நிழல் குறையாகிவிடுகிறது. அல்லது வெறும் அலங்காரமாகிவிடுகிறது. இந்த இரண்டு விபத்துகளைப் பற்றியதே இவ்வுரை.

கல்லூரிகளில் நடைபெறும் மாணவர் படக் கண்காட்சிகளில் இருவகைப் படங்களைத் தவறாமல் காணலாம். பெரும்பகுதி கருமையாக விட்டு, சிறு இடத்தில் மட்டும் வெளிச்சம் விழவைத்தது ஒருவகை. அதனை லோ-கீ என்பர். பெரும்பகுதி வெண்மையாக விட்டு, மெல்லிய கோடுகளால் உருவம் காட்டுவது மற்றொரு வகை, அது ஹை-கீ. முன்னதற்குத் துயரம், தனிமை என்றும், பின்னதற்குத் தூய்மை, குழந்தைமை என்றும் தலைப்பிடுவது ஏறத்தாழச் சடங்காகிவிட்டது. கருமை என்றால் சோகம், வெண்மை என்றால் களங்கமின்மை என்னும் இச்சமன்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பார் இல்லை. கார்மேகத்தைக் கண்டால் மகிழும் உழவர் நாட்டில், கரிய திருமேனியைக் கண்டு உருகிய பாடல்கள் நிறைந்த மொழியில், கருமை எப்போது துயரத்தின் நிறமாயிற்று? இது கடன் வாங்கிய சமன்பாடு. ஆனால் கடன் வாங்கியது மாணவர் அல்லர், கடன் பழையது.

அக்கடனின் கணக்கு பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலிருந்தே தொடங்குகிறது. இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலை எனப்படும் அந்த நெடுஞ்சாலையில், எழும்பூர் அருகே, அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியே அது. 1852இல் அரசு அதனை ஏற்றது. 1850களின் நடுவில் அங்கே மாணவர்க்கு நிழற்படக் கலை கற்பிக்கப்பட்டது. சென்னை நிழற்படக் கழகம் 1856இல் தோன்றியது. அதன் முயற்சியிலும் ஹண்டருக்குப் பங்கு உண்டு. நிழற்படம் பிறந்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில், சென்னையில் ஒரு வகுப்பறை நிறைய அதனைக் கற்றுக்கொண்டிருந்தனர் என்பது பலரும் மறந்த செய்தி.

அக்காலத்தில் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக இருந்தவர் படைத்தலைவர் லின்னேயஸ் ட்ரைப். அவர் 1858இல் மதுரை, தஞ்சை, திருவரங்கம் ஆகிய ஊர்களின் கோயில்களை மெழுகிட்ட காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளைத் தொடர்ச்சியாக எடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, ஒரே நீள்சுருளாக அமைத்தது அவர் செய்த அரும்பணி. அவர் கையாண்ட காகிதம் நீல ஒளியை மிகுதியாக உணரும். ஆகவே வானம் மேகமே இன்றி வெளுத்துவிடும். வெளுத்த வானத்தில் நெகட்டிவின் பின்புறம் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார் ட்ரைப். தென்னாட்டின் முதல் பெரும் நிழற்படக்காரரே படத்தைத் திருத்தியவர் என்பதை, கணிப்பொறியில் வானத்தை மாற்றும் இன்றைய மாணவரைக் கடிந்துகொள்வோர் அறிந்திருப்பது நல்லது. 1860இல் ஆளுநர் ட்ரெவெல்யன் இப்பணியை வீண் ஆடம்பரமெனக் கருதி நிறுத்திவிட்டார். ட்ரைப்பிடம் தொழில் பழகிய ஐயாசாமி என்பவரின் பெயர் ஆவணங்களில் தப்பிப் பிழைத்திருக்கிறது. உடன் பயின்ற பிறருள் பலருக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை.

கலைப்பள்ளியின் வழியாக எடுக்கப்பட்ட படங்கள் நீலகிரி ஆணையர் பிரீக்ஸ் எழுதிய நூலில் 1873இல் வெளிவந்தன. நீலகிரிப் பழங்குடியினரைப் பற்றிய நூல் அது. அதே 1873ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் வோகல், படத்தகட்டில் சாயம் சேர்த்தால் அது நீலத்தைத் தவிரப் பிற நிறங்களையும் உணரும் என்று கண்டறிந்தார். அதுவரை இருந்த தகடுகள் சிவப்புக்கும் பழுப்புக்கும் ஏறத்தாழக் குருடு. மாநிறத்தோலில் மிகுந்திருப்பது அவ்விரண்டுமே. ஆக, மாநிற முகம் தகட்டில் உள்ளதைவிடக் கறுத்து, கன்னத்தின் மேடும் கண்ணின் கீழ்ப்பள்ளமும் வேறுபாடின்றிக் கலந்துபோயிற்று. இது எவருடைய தீய எண்ணத்தாலும் நேர்ந்ததன்று, வேதியியல் அப்படி. ஆனால் அப்படங்களைப் பார்த்துப் பழகிய கண் வேறு பாடம் கற்றுக்கொண்டது. படத்தில் தமிழ்முகம் கறுத்துப்போகும். ஆகவே அதனை வெளுப்பாக்க வேண்டும் என்பது அந்தப் பாடம்.

இந்தப் பாடத்தை நூறாண்டுக் காலம் செயல்படுத்தியவை ஊர்தோறும் இருந்த ஸ்டூடியோக்கள். சீப்பு, கண்ணாடி, பவுடர் டப்பா ஆகியவை வாசலிலேயே வைக்கப்பட்டிருக்கும். அதற்குமேல் உள்ளறையில் நடந்த வேலை வாடிக்கையாளருக்குத் தெரியாது. நெகட்டிவைச் சாய்வான மேசையில் வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் வரச்செய்து, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் முகத்தின்மேல் நுண்ணிய புள்ளிகளையும் வளைவுகளையும் இடுவார் டச்சிங் செய்பவர். நெகட்டிவில் கருமை கூடினால் அச்சில் வெண்மை கூடும். எனவே கரியைப் பூசிக் கருமையைப் போக்கிய விந்தை அந்த அறையில் நாள்தோறும் நடந்தது. அம்மைத்தழும்பு மறைந்தது, கண்ணின்கீழ் இருந்த களைப்பு மறைந்தது, நிறம் இரண்டு படி ஏறியது. திருமணத்திற்காக அனுப்பப்பட்ட படங்களில் இந்தப் பென்சில் ஏறாதவை குறைவு. இக்கைவினைஞர்களைக் குறைசொல்வது எளிது. அவர்கள் கை நுட்பம் அளப்பரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். கேட்டவர் கேட்டதைக் கொடுத்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, பழைய தமிழக ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடித் தொகுத்து எண்ணிம வடிவில் காத்திருக்கிறார்கள். அத்தகைய பழம்படங்களைக் காண வாய்க்கும் மாணவர் பின்னணித் திரையையும் நாற்காலியையும் பார்ப்பதோடு நில்லாது, முகத்தின் நிறத்தையும் கையின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முகத்திற்குப் பென்சில் எட்டியிருக்கும். கைக்குப் பல வேளைகளில் எட்டியிருக்காது.

வண்ணப்படம் வந்தபின்னும் நிலைமை மாறவில்லை. கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய அளவு அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. பழுப்பு நிறங்களைச் சரியாகக் காட்டும் ஃபிலிம் வேண்டுமென்று முறையிட்டு நிறுவனத்தை அசைத்தவர்கள் சாக்லேட் விற்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும்தாம் என்று கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் எழுதியிருக்கிறார். மேசைக்குக் கிடைத்த நீதி மனிதருக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

இந்த வரலாற்றோடு ஒரு மாணவர் கேமராவை எடுத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு வருகிறார். அந்நெடுஞ்சாலையின் வழியே மேற்கே சென்றால், பூவிருந்தவல்லியைக் கடந்ததும் வருவது செம்பரம்பாக்கம். 24 அடி முழு ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடைய ஏரி. உழவுக்கு நீர் தந்து, பின்னர் சென்னையின் தாகத்திற்கென்று ஒதுக்கப்பட்டது. அடையாறு இதன் உபரிநீரை ஏந்திக் கடலுக்குச் செல்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் இரவில் நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்ட பிறகு இவ்வேரியின் பெயரை அறியாத சென்னைவாசி இல்லை. 2019 கோடையில் இதே ஏரி வறண்டு, படுகை வெடித்துக் கிடந்தது. இரு காலங்களிலும் கேமராக்கள் வந்தன; இடைப்பட்ட காலங்களிலும் மாணவர் வருகின்றனர், பெரும்பாலும் மாலையில்.

மாலையில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏரியின் கரை கிழக்கில் நீண்டு கிடக்கிறது. நீர் மேற்கே விரிகிறது. கரையில் நின்று நீரை நோக்கினால் மாலைச் சூரியன் கண்ணுக்கு நேரே இறங்கும். நீர் முழுதும் பொன் பரவும். அப்போது வலை இழுப்பவர் ஒருவர் நடுவே நின்றால், கேமரா அவரைக் கரிய கத்தரிப்பாக ஆக்கிவிடும். மாணவர் வழக்கில் சில்லவுட், அதாவது நிழலுருவம். விரலைத் தொட்டால் போதும். படம் அழகாகவே வரும். அந்த அழகில் மாணவருக்குப் பங்கு மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு உலகம் சாம்பல் நிறமானது. தன்மீது விழும் நூறு பங்கு ஒளியில் ஏறத்தாழப் பதினெட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும் நடுச்சாம்பலே எல்லாப் பொருளும் என்று அது கொள்கிறது. ஏரியோரத்தில் கொக்கும் எருமையும் அடுத்தடுத்து நிற்பது அன்றாடக் காட்சி. கொக்கை மட்டும் சட்டத்துள் நிரப்பி, மானி சொன்னபடி எடுத்தால் கொக்கு சாம்பலாகும். எருமையை மட்டும் நிரப்பி எடுத்தால் எருமையும் சாம்பலாகும். கொக்கைக் கொக்காக்க ஒளியைக் கூட்ட வேண்டும். எருமையை எருமையாக்க ஒளியைக் குறைக்க வேண்டும். வெண்மைக்கு ஒளி கூட்டுவதும் கருமைக்கு ஒளி குறைப்பதும் தலைகீழாகத் தோன்றும். ஒருமுறை செய்து பார்த்தவருக்கு மறக்காது. மாலையில் சூரியனைப் பார்த்துத் திகைத்த மானி ஒளியை மேலும் குறைக்கச் சொல்கிறது. அதற்குப் பணிந்தால் மீனவருக்கு முகம் இல்லாமற் போகும். அவருக்கு முகம் இருக்க வேண்டுமா என்ற கேள்வியை மானி கேட்பதில்லை. மாணவர் கேட்டாக வேண்டும்.

இதைக் கற்பிக்க ஒரு நல்ல ஏணி உண்டு. 1939–40 அளவில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் கலைப்பள்ளியில், ஆன்செல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சர் என்ற இருவரும் மாணவர்க்குப் பாடம் நடத்தும் பொருட்டு வகுத்த முறை அது. மண்டல முறை என்பர். முழுக்கருமையைச் சுழியமாகவும் முழுவெண்மையைப் பத்தாகவும் வைத்து, இடையில் ஒவ்வொரு படிக்கும் ஒளி இருமடங்காக ஏறும்படி பதினொரு படிகள் அமைத்தனர். செம்பரம்பாக்கத்தில் இந்த ஏணியைக் கண்ணாலேயே அடுக்கலாம். மதகின் உள்வாய் சுழியம். அங்கே எதுவும் தெரிய வேண்டியதில்லை. நீரில் நனைந்த எருமையின் முதுகு மூன்று. கருமைதான், ஆனால் மயிர்க்கால்கள் தெரிய வேண்டும். கருவேலஞ்செடிகளின் இலைத்திரள் நான்கு. காய்ந்த கரைமண் ஐந்து. வெளுத்த வேட்டியின் மடிப்பு ஏழு. கொக்கின் சிறகு எட்டு. அலையில் சூரியன் மின்னும் புள்ளி பத்து.

மனித முகத்திற்கு ஆடம்ஸ் வகுத்த படிகள் குறிப்பிடத்தக்கவை. வெயிலில் வெள்ளையரின் தோல் ஆறாம் படி என்றும், கருந்தோல் ஐந்தாம் படி என்றும் அவர் எழுதினார். ஏணியிலேயே கருந்தோலுக்கு இடம் வைத்தது நேர்மை. தமிழ்நாட்டு முகங்கள் ஐந்திலும் நான்கிலுமாகப் பரவி நிற்கும். அதே முகம் நிழலில் திரும்பினால் மூன்றுக்கு இறங்கும். மூன்றுக்குக் கீழே தோலின் இழை தெரியாது, சுருக்கம் தெரியாது, முகம் முகமாக இராது. ஆகவே மாணவர்க்குச் சொல்லத்தக்க விதி எளியது: முகத்தை ஆறுக்கு ஏற்றவும் வேண்டா, இரண்டுக்கு இறக்கவும் வேண்டா. ஏற்றினால் பழைய ஸ்டூடியோ பென்சில். இறக்கினால் ஏரிக்கரைக் கத்தரிப்பு. இரண்டும் ஒரே முகத்தை இரு வழிகளில் தவிர்க்கின்றன.

வெளிச்சத்தை எந்தப் பொழுதில் தேடுவது என்பதற்குத் தமிழ் மாணவர் அமெரிக்கப் பள்ளிவரை செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியம் நிலங்களுக்குப் பொழுதுகளை வகுத்தபோது வெளிச்சத்தையும் வகுத்துவிட்டது. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு, மருதத்திற்கு வைகறையும் விடியலும். உரைகாரர் இவற்றை உரிப்பொருளோடு பொருத்திக் காட்டினர். பரத்தையர் சேரியிலிருந்து தலைவன் திரும்பும் வேளை என்று மருதத்தின் வைகறைக்கு விளக்கம் சொல்வது மரபு. படம் எடுப்பவரின் கண்கொண்டு பார்த்தால் வேறொன்றும் புலப்படும். பாலையின் கொடுமையை நண்பகல்தான் காட்டும்: நிழல் காலடிக்குள் சுருங்கிப்போகிறது, ஒதுங்க இடமில்லை. குறிஞ்சியின் களவுக்கு யாமம் வேண்டும். ஏரியும் வயலும் கொண்ட மருதம் தன்னைக் காட்டும் பொழுதோ விடியல்.

செம்பரம்பாக்கத்தில் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். விடியலில் சூரியன் கரைக்குப் பின்னே எழுகிறது. கரையை நோக்கி நீரில் நிற்பவர் முகத்தில் வெளிச்சம் நேராக, தாழ்வாக விழுகிறது. அவருக்கு முன்னே உள்ள நீர்ப்பரப்பும் அதே வெளிச்சத்தை வாங்கித் தாடையின் அடியில் எறிகிறது. ஸ்டூடியோக்காரர் வெள்ளை அட்டை பிடித்துச் செய்யும் வேலையை ஏரி கூலியின்றிச் செய்கிறது. கண்குழியின் நிழல் இளகுகிறது. முகம் நான்காம் படியில், இழையோடு, தன் நிறத்தில் நிற்கிறது. மாலையில் அடையாளமின்றி நின்ற அதே மீனவர், காலையில் வயதும் களைப்பும் உள்ள ஒருவராகிறார். வைகறையின் நிலை இன்னும் நுட்பமானது. சூரியன் எழாத அப்பொழுதில் ஒளி வானம் முழுவதிலிருந்தும் வருவதால் நிழலுக்கு ஓரம் கிடையாது. மார்கழிப் பனி நீர்மேல் நின்றால் தொலைவிலுள்ளது வெளுக்கும். அருகிலுள்ளது கருமையாகவே நிற்கும். கருமை அங்கே அண்மையின் அடையாளம். கண்காட்சித் தலைப்புகளில் காணும் துயரத்திற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அதிகாலையில் எழ வேண்டும் என்பதுதான் மாணவர்க்கு இதில் உள்ள இடர்.

ஏரிக்கு அருகிலேயே ஒளியைச் செய்தெடுக்கும் இடமும் இருக்கிறது. செம்பரம்பாக்கத்து இவிபி பிலிம் சிட்டியில் நள்ளிரவை நண்பகலாக்கலாம். 2020 பிப்ரவரி 19ஆம் நாள், படப்பிடிப்பு ஒன்றுக்கு விளக்குகள் ஏந்தி நின்ற பளுதூக்கி அங்கே சரிந்து மூவர் உயிரிழந்தனர். திரையில் எடையற்றுத் தோன்றும் வெளிச்சத்திற்குத் தரையில் எவ்வளவு எடை என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. இவ்வகை ஒளியின்மீது ஐயம் கொண்டிருந்த கலைஞர் ஒருவர் சென்னையின் மேற்குப் பகுதியிலேயே வாழ்ந்து பாடம் சொன்னார். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திரா அவர். சாலிகிராமத்தில் சினிமா பட்டறை என்ற பயிலகத்தை நடத்திவந்து, 2014இல் மறைந்தார். சன்னலிலிருந்து என்ன வருகிறதோ அதுவே போதும் என்பது அவர் படங்களின் கொள்கை. வீடு (1988), சந்தியா ராகம் (1989) ஆகியவற்றில் நடிகர் முகங்கள் பூச்சில்லாமல், தம் நிறத்திலேயே இருக்கும். கோகிலா, மூன்றாம் பிறை ஆகிய படங்களுக்காகத் தேசிய விருது பெற்ற ஒளிப்பதிவாளர் அவர்; வெளிச்சம் போடத் தெரியாமல் குறைத்தவரல்லர்.

இன்றைய மாணவரின் கேமரா பெரும்பாலும் கைப்பேசிதான். இதில் புதிய சிக்கல் எழுந்துள்ளது. கைப்பேசி ஒரு படம் எடுப்பதில்லை. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, வெளிச்சமான இடத்தை ஒன்றிலிருந்தும் கருமையான இடத்தை மற்றொன்றிலிருந்தும் எடுத்துக் கோக்கிறது. 2018இல் கூகுள் நிறுவனம் தன் பேசிகளில் நைட் சைட் என்ற வசதியைத் தந்தது, பிறரும் தொடர்ந்தனர். விளைவு, யாமத்தில் எடுத்த படம் மங்கிய பகல்போல வருகிறது. மதகின் உள்வாயில்கூடச் செங்கல் எண்ணலாம். சுழியம் என்ற படியே ஏணியிலிருந்து காணாமற் போகிறது. மறுபுறம், முகத்தைத் தானாகவே வெளுத்து மழமழப்பாக்கும் அழகுக் கருவிகள் பேசிகளில் புகுந்துள்ளன. ஸ்டூடியோ உள்ளறையில் ஒருவர் கண்வலிக்கச் செய்த வேலையை இவை கேளாமலே செய்துமுடிக்கின்றன. எதிர்த்திசையிலும் முயற்சி உண்டு. பலநிறத் தோல்களையும் உள்ளபடி காட்டுவதற்கென ரியல் டோன் என்ற முறையை அதே நிறுவனம் 2021இல் கொண்டுவந்தது. நல்லதே. ஆனாலும் எது உள்ளபடி என்பதைத் தொலைவில் ஒருவர் முடிவு செய்து அனுப்புகிறார் என்பது மாறவில்லை. தானியங்கி வசதிகளை அணைத்துவிட்டுப் பத்துப் படமேனும் எடுத்துப் பார்க்காத மாணவர், தமக்கு இருட்டைப் பற்றி என்ன கருத்து என்பதை அறிய வழியில்லை.

இந்த அவையில் கவிஞர்கள் மிகுதி. ஆகவே அவர்கள் பங்கையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இலக்கிய இதழ்களின் அட்டைக்கும் கவிதைத் தொகுப்பின் முகப்புக்கும் மாணவர் படங்கள் கேட்டு வாங்கப்படுகின்றன. பத்துப் படங்களை விரித்து வைத்தால் கை நீள்வது நிழலுருவத்தின் பக்கமே. அந்தியில் நிற்கும் ஒற்றை உருவம், பின்னே நீர், மேலே பறவை. காரணம் வெளிப்படை: முகம் இல்லாத உருவத்தின்மேல் எந்த உணர்வையும் ஏற்றலாம். வலை இழுப்பவர் கவிஞரின் தனிமையைச் சுமப்பார், பிரிவைச் சுமப்பார், மரணத்தையும் சுமப்பார். அவருடைய வலை அன்று எவ்வளவு கனத்தது என்பதற்கு மட்டும் அப்படத்தில் இடமிராது. முகம் தெரியும் படமோ கவிதைக்கு இடையூறு. அது தன் பொருளைத் தானே வைத்துக்கொண்டு எதிரே நிற்கும். பரிசும் அட்டையும் நிழலுருவத்திற்கே கிடைக்கும் என்று கண்டுகொண்ட மாணவர் மறுநாளும் மாலையில்தான் ஏரிக்குப் போவார்.

வேறு வழியில் நடந்த மாணவர்களும் இருக்கிறார்கள். மதுரைப் பக்கத்துச் சிற்றூரில் மீன் விற்கும் தாய்க்குப் பிறந்து, பொறியியல் படித்து, கேமராவை ஏந்தியவர் மு. பழனி குமார். கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றிய கக்கூஸ் (2017) ஆவணப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர். அவர் சென்னை வியாசர்பாடியில் தூய்மைப் பணியாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், பிற இடங்களில் மீனவப் பெண்களுக்கும் படம் எடுக்கக் கற்றுத் தந்திருக்கிறார். கற்றவர்கள் முதலில் கேமராவைத் திருப்பியது தம் வீட்டாரை நோக்கி.

இதனால் வெளிச்சமும் மாறிவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது. துப்புரவு வேலைக்குச் செல்லும் தாய் அந்திச் சூரியனுக்கு முன்னால் வந்து நிற்பவள் அல்லள். விடியுமுன் எழுந்து, ஒற்றைக் குழல்விளக்கின் கீழ்ச் சமைத்து, தெருவிளக்கின் மஞ்சளில் நடந்து போகிறாள். பிள்ளைக்குக் கிடைக்கும் ஒளி அவ்வளவே. அவ்வொளியில் தாயின் முகம் மூன்றாம் படியில் நிற்கும். ஒருபுறம் இரண்டிற்கும் இறங்கும். அறிமுகமற்ற மீனவரைக் கத்தரிப்பாக்க யாருக்கும் மனம் கூசுவதில்லை. தாயைக் கத்தரிப்பாக்கப் பிள்ளைக்கு மனம் வராது. லென்ஸை முழுதும் திறந்து, ஷட்டரின் நேரத்தை நீட்டிப் பார்க்கிறது பிள்ளை. வேலைக்குப் போகும் அவசரத்தில் தாய் அசைகிறாள். படம் சற்றே கலங்கி, பொடிப்பொடியாக மணலிட்டதுபோல் வருகிறது. பின்னே சுவர் இருளில் கிடக்கிறது. முகம் மட்டும் கருமையோடு, களைப்போடு, யாருடையது என்று தெரியும்படி இருக்கிறது. போட்டி நடுவர் பலர் இதனைத் தொழில்நுட்பக் குறை என்று ஒதுக்குவர். நடுவர் இருக்கையில் கவிஞர் ஒருவரும் இருந்தால் அவர் வாதாட வேண்டிய இடம் இது.

கண்காட்சிக்குமுன் அப்படம் அச்சுக்குப் போகிறது. கணிப்பொறியின் முன் இருப்பவர் திரையைப் பார்த்து, ‘முகம் ரொம்ப டார்க்கா இருக்கே, கொஞ்சம் பிரைட் பண்ணிடட்டுமா?’ என்று கேட்கிறார். அன்பினால் கேட்கிறார். அவர் கைவிரல் ஏற்கெனவே விசையின்மேல் இருக்கிறது. எதிரே நிற்கும் மாணவருக்குப் பதினேழு வயது. பின்னே வரிசையில் மூவர் காத்திருக்கின்றனர். இருண்ட சுவரை இருளாகவே விட்டு, முகத்தை அரைப்படி மட்டும், அதற்குமேல் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தால், அப்படியே அச்சடித்துத் தருவார்.